புகழ் வானத்தில், கால் தரையில்!

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 13. அமெரிக்கத் திரையுலகின் ஆஸ்கார் விழா. சிறந்த நடிகருக்கான பரிசு யாருக்கு? மேடையிலே பெயர் படிக்கப்படுகிறது - சிட்னி பாய்ட்டியர்! கருப்பின ஆண் ஒருவர் அந்தப் பரிசைப் பெறுவது அதுவே முதல் முறை. கைதட்டல் கூரையைத் தொடுகிறது. பட்டுடுத்த சீமாட்டிகளும் பணம் படைத்த படமுதலாளிகளும் பாராட்டு மழை பொழிகின்றனர்.

நான்கே திங்கள் கழிகிறது. அதே 1964, ஆகஸ்டு. மிசிசிப்பி மாநிலத்திலே கிரீன்வுட் என்றோர் ஊர். இருள் கவ்விய நேரம். சிறு விமானம் ஒன்றிலிருந்து இருவர் இறங்குகின்றனர். ஒருவர், பரிசு பெற்ற அதே பாய்ட்டியர். மற்றவர் ஹாரி பெலபாண்டே, இசையுலகின் முடிசூடா மன்னர். 1956இல் வெளிவந்த அவருடைய ‘கலிப்சோ’ இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மாளிகையிலே மஞ்சத்தில் சாய்ந்திருக்க வேண்டிய இருவர்! அவர்கள் கையிலோ ஒரு கறுப்புப் பை. வைத்தியர் வீட்டுக்கு வரும்போது எடுத்து வருவாரே, அத்தகைய பை. அதற்குள்ளே 70,000 டாலர். அத்தனையும் சிறு சிறு நோட்டுகள்.

யாருக்கு அந்தப் பணம்?

அந்தக் கோடை முழுவதும், மாணவர் அகிம்சைப் போராட்ட ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள், மிசிசிப்பியில் வீடு வீடாகப் போய்க் கருப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் பாடுபட்டனர். வயது வந்த கருப்பின மக்களில் 100க்கு 7 பேர்கூட அன்று அந்தப் பட்டியலில் இல்லை. பதிவு செய்யப் போனால் படிப்புத் தேர்வு வைப்பார்கள். வரி கட்டினாயா என்பார்கள். மனுக் கொடுத்தவன் மறுநாள் வேலையிழந்து நிற்பான். அதற்கும் அஞ்சாதவனுக்கு இருக்கவே இருக்கிறது, முகமூடியணிந்த கொலைக் கூட்டம் - கூ கிளக்ஸ் கிளான்! ஜூன் 21ஆம் நாள் ஜேம்ஸ் செனி, ஆண்ட்ரு குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் காணாமற் போயினர். செனி கருப்பர், மற்ற இருவரும் வெள்ளையர். காரை வேகமாக ஓட்டினார்கள் என்று குற்றம் சாட்டிப் பிடித்தனர், இரவிலே விடுவித்தனர், வெளியே காத்திருந்த கொலைகாரர்களிடம் சிக்க வைத்தனர். ஆகஸ்டு 4இல் மண் அணை ஒன்றின் அடியிலிருந்து மூன்று உடல்களும் தோண்டியெடுக்கப்பட்டன.

மற்ற இளைஞர்கள் ஓடியிருக்க வேண்டுமல்லவா? ஓடவில்லை. கோடை முடிந்தாலும் இங்கேயே தங்குவோம் என்றனர். தங்குவதென்றால் சோற்றுக்கும் வண்டிக்கும் பணம் வேண்டும். பெலபாண்டேயிடம் சொல்லி அனுப்பினர். அவர் ஊர் ஊராகத் திரட்டினார். தந்தி மணியார்டரில் அனுப்பக்கூடாதா என்று கேட்கலாம். மிசிசிப்பியிலே அத்தனை பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரும் கருப்பன் வீடு போய்ச் சேருவானா? ஆகவே தாமே கொண்டுபோவது என்று முடிவு செய்தார். துணைக்கு நண்பரை அழைத்தார். ஒருவனைக் கொல்வதைவிட, பேர் பெற்ற இருவரைக் கொல்வதற்குச் சற்றுத் தயங்குவார்கள் - இதுதான் பெலபாண்டே சொன்ன சமாதானம்! அழகான சமாதானம்! பாய்ட்டியரும் புறப்பட்டார்.

விமானத் திடலை விட்டுக் கார்கள் கிளம்பியதும், எதிர்ப்புற இருளிலே வரிசையாக விளக்குகள் எரிந்தன. கிளானின் லாரிகள்! பின்னாலே வந்து மோதுகின்றன. ஓட்டிய இளைஞனோ வேகத்தைக் கூட்டவில்லை. ஏன் ஓட்டவில்லை என்று பதறுகின்றனர் இருவரும். வேகமாகப் போனால் போலீசு பிடிக்கும். போலீசு பிடித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த மூவரின் கதை சொல்லியிருந்ததே! இடி வாங்கிக்கொண்டே, சட்டம் சொன்ன வேகத்தில் கார் போயிற்று. ஊரிலிருந்து தோழர்களின் கார்கள் அணியாக வந்து சூழ்ந்த பிறகே லாரிகள் திரும்பின.

கூடத்திலே மக்கள் வெள்ளம். பாட்டு எழுந்தது. பெலபாண்டே பையைத் திறந்து, மேசை மீது தலைகீழாகக் கவிழ்த்தார்.

தோழர்களே! நாம் கேட்பது இதுதான். வாழ்வு வந்ததும் வந்த வழியை மறப்பவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! கைதட்டல் ஒரு கள். ஒரு மிடறு உள்ளே போனால், தாயைத் தெரியாது, தம்பியைத் தெரியாது, தான் பிறந்த தெருவே தெரியாது. இந்த இருவருக்கு மட்டும் அந்தப் போதை ஏறாமற் போனதேன்?

அவர்கள் வந்த வழியைப் பார்ப்போம். பாய்ட்டியரின் தந்தை, பகாமா நாட்டுக் கேட் தீவில் தக்காளி பயிரிட்ட ஏழை உழவர். விளைந்ததை விற்க மியாமிக்குப் போன இடத்தில், 1927 பிப்ரவரி 20ஆம் நாள், குறைமாதப் பிள்ளையாகப் பிறந்தார் சிட்னி. பிழைக்காது என்று எண்ணிய தந்தை, குழந்தையைப் புதைக்கக் காலணிப் பெட்டி ஒன்றைக்கூடத் தேடி வைத்துவிட்டாராம். தாயோ குறி சொல்லும் கிழவி ஒருத்தியிடம் ஓடினாள். பிழைப்பான், மன்னர்களோடு நடப்பான் என்றாள் கிழவி. பலித்தது பார்த்தீர்களா என்று யாரேனும் நம்மிடம் வந்தால், அதே வாயால் அந்தக் கிழவி எத்தனை தாய்மாரிடம் அதையே சொல்லிக் காசு வாங்கினாள், அந்தப் பிள்ளைகள் எங்கே என்று மட்டும் கேட்டு வைப்போம். பிள்ளையைப் பிழைக்க வைத்தது தாயின் மடி. மன்னரோடு நடக்க வைத்தது அவனுடைய உழைப்பு.

உழைப்பென்றால் எப்படிப்பட்ட உழைப்பு! 16 வயதில் நியூயார்க்கில் ஓட்டலில் தட்டுக் கழுவினார். நடிகனாகலாமென்று ஹார்லெமிலிருந்த அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரின் கதவைத் தட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். தீவுப் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. போய்த் தட்டுக் கழுவு என்று துரத்திவிட்டனர். ஆம், கழுவத்தான் போனார், கழுவிக்கொண்டே கற்றார். அதே ஓட்டலில் பரிமாறிய வயது முதிர்ந்த யூதர் ஒருவர், வேலை முடிந்த இரவுகளில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். வானொலிப் பெட்டி வாங்கி வைத்து, அதிலே பேசுவோரைப் போலவே பேசிப் பேசி உச்சரிப்பைத் திருத்தினார். பிறகு அதே நாடகக் குழுவிடம் போய், கூலி வேண்டாம், உங்கள் கொட்டகையைப் பெருக்குகிறேன், எனக்கு நடிப்புச் சொல்லிக் கொடுங்கள் என்றார்!

அங்கேதான் கிடைத்தார் பெலபாண்டே. அவரும் 1927இல் பிறந்தவர். ஹார்லெமில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். கடற்படையிலிருந்து திரும்பிய பிள்ளை, அடுக்குமாடிக் கட்டடத்தில் பெருக்குவதும் பழுது பார்ப்பதுமாக இருந்தார். குடியிருந்த பெண்மணி ஒருவர், செய்த வேலைக்கு இனாமாக நாடக டிக்கெட் கொடுத்தார். போய்ப் பார்த்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு நாடகத்தில் பெலபாண்டேதான் நடிகர். பாய்ட்டியர் அவருக்கு மாற்று. ஒருநாள் குப்பை அள்ளும் வேலை இருந்ததால் பெலபாண்டே ஒத்திகைக்கு வர முடியவில்லை. பாய்ட்டியர் நடித்தார், வந்திருந்த தயாரிப்பாளர் கண்ணில் பட்டார், ஏணியின் முதற்படி கிடைத்தது. நண்பன் பேர் பெற்றது நான் அள்ளிய குப்பையால் என்று பெலபாண்டே வாழ்நாளெல்லாம் கேலி பேசினார்.

அந்தச் சிறு கொட்டகைக்கு ஒருநாள் ஒரு பெரிய மனிதர் வந்தார். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னே வந்து இளைஞர்களோடு பேசினார். உன் பாட்டை மக்கள் பாடும்படி செய்; பிறகு நீ யாரென்று அறிய அவர்களே விரும்புவார்கள் என்ற கருத்தை பெலபாண்டேக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். பால் ராப்சன்!

இந்தப் பெயரைச் சொல்லும்போது நாம் சற்று நின்றுதான் போக வேண்டும்.

ராப்சனின் தந்தை அடிமையாகப் பிறந்தவர். ஆம், சந்தையில் விற்கவும் வாங்கவும் கூடிய பொருளாக! 15 வயதில், 1860இல், வட கரோலினாவிலிருந்து தப்பியோடினார். படித்தார். பிரின்ஸ்டன் நகரில் பாதிரியாரானார். 1901இல் அந்தப் பதவியிலிருந்து வெளியேற்றப்பட்டார். நேற்று வரை மேடையில் நின்று உபதேசித்தவர், இன்று அதே ஊரில் வீடு வீடாக அடுப்புச் சாம்பலை அள்ளி வண்டியிலேற்றினார். குதிரை வண்டி ஓட்டினார். முனகவில்லை, முதுகு வளைக்கவில்லை. அந்தத் தந்தையின் நிமிர்ந்த தலைதான் பிள்ளைக்கு முதற் பாடப் புத்தகம்.

பிள்ளை ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்கக் கால்பந்துக் குழுவில் இடம் கேட்டார். உடன் ஆட வேண்டிய வெள்ளை மாணவர்களே மூக்கை உடைத்தனர். ஒருவன் பூட்சுக் காலால் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தான். படுக்கையில் கிடந்தபோது விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தது. நீ உனக்காக மட்டும் ஆடவில்லை, உன் பின்னே வரக் காத்திருக்கும் கருப்பினப் பிள்ளைகளுக்காகவும் ஆடுகிறாய் என்ற தந்தையின் அறிவுரை எழுப்பி நிறுத்தியது. நாடு முழுவதிலும் சிறந்த ஆட்டக்காரர் வரிசையில் இடம்பெற்றார். 1919இல் வகுப்பிலேயே முதல்வராகப் பட்டம் பெற்றார். 1923இல் சட்டம் முடித்து வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தால், கருப்பன் சொல்ல நான் எழுதுவதா என்று வெள்ளைக்காரச் சுருக்கெழுத்துப் பெண் மறுத்தாள். சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு மேடைக்கு வந்தார். நீதிமன்றம் இழந்தது, உலகம் பெற்றது!

1943இல் நியூயார்க்கில் ஒத்தெல்லோ நாடகம். 296 முறை நடந்தது. அந்நகர மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அதுவரை அத்தனை முறை நடந்ததில்லை. மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாட்டை உலகமே கேட்டது. சலித்துச் சோர்ந்தவனின் புலம்பலாக எழுதப்பட்டிருந்த அந்தப் பாட்டின் வரிகளை, போராடியே தீருவேன் என்பவனின் முழக்கமாக அவர் மாற்றிப் பாடினார். எழுதியவனுக்குக் கோபம் வரலாம். வரட்டுமே! அடிமையின் மகனுக்குப் பாட்டைத் திருத்த உரிமையில்லையா? கருப்பரை இழிவு செய்யும் வேடங்கள்தாம் ஹாலிவுட் தருமென்றால் அந்த ஹாலிவுட்டே வேண்டாமென்று 1942இல் அறிவித்தார்.

லண்டனில் இருந்தபோது, வேலையிழந்த வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் தெருவில் பாடிக்கொண்டு வந்ததைக் கண்டார். அவர்களோடு சேர்ந்து நடந்தார், சேர்ந்து பாடினார். நிலக்கரி படிந்த முகத்தில் கருப்பென்ன, வெள்ளையென்ன? அன்று பிறந்த உறவு இறுதிவரை அறவில்லை. 1937இல் லண்டன் ஆல்பர்ட் அரங்கில், கலைஞன் விடுதலையின் பக்கமா, அடிமைத்தனத்தின் பக்கமா என்று தேர்ந்தே ஆக வேண்டுமென்றார். தாம் தேர்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

விலை கேட்காமல் விடுமா ஆதிக்கம்? 1949இல் பீக்ஸ்கில் என்ற ஊரில் அவர் பாடுவதைத் தடுக்கக் கும்பல் திரண்டது. செப்டம்பர் 4ஆம் நாள், தொழிற்சங்கத் தோழர்கள் திடலைச் சுற்றி மனிதச் சுவராக நிற்க, அவர் பாடி முடித்தார். திரும்பிய மக்களின் கார்கள் மீதும் பேருந்துகள் மீதும் கல்மாரி. 1950இல் பாஸ்போர்ட்டைப் பறித்தனர். அரங்குகள் மூடப்பட்டன. வெளிநாடு போகவும் முடியாது. உள்நாட்டில் பாடவும் முடியாது. என்ன செய்தார்? 1952இல் கனடா நாட்டு எல்லைக்கோட்டின் அருகே போனார்; அமெரிக்க மண்ணில் லாரி ஒன்றை நிறுத்தி, அதன் மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் திரண்டிருந்த ஆயிரமாயிரம் மக்களுக்குப் பாடினார். 1957இல் வேல்சுச் சுரங்கத் தொழிலாளர் கலை விழாவுக்கு, கடலடிக் கம்பி வழியே தொலைபேசியில் பாடினார்! ஆளைத் தடுக்கலாம், குரலுக்கு எந்தச் சர்க்கார் பாஸ்போர்ட் கேட்கும்?

1956 ஜூன் 12இல் நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்திக் கேட்டனர்: ரஷ்யாவைப் பிடிக்குமென்றால் அங்கேயே இருந்திருக்கலாமே? என் தந்தை இங்கே அடிமையாக இருந்தவர், என் மக்கள் செத்துக் கட்டிய நாடு இது, இதிலே என் பங்கை விட்டுப் போக மாட்டேன் என்று பொருள்படத் திருப்பிக் கொடுத்தார். ரஷ்ய ஆட்சியின் கொடுமைகளைப் பற்றி அவர் வாய் திறவாதிருந்ததை நாம் ஏற்கவில்லை. ஸ்டாலின் பெயரால் பரிசும் வாங்கினார். பெரியவர் என்பதால் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழுவினர் கேட்ட கேள்வி அக்கறையால் கேட்டதல்ல; ஆணவத்தால் கேட்டது. 1958இல், அவருடைய 60ஆம் பிறந்தநாள் இந்தியாவிலும் கொண்டாடப்பட்ட அதே ஆண்டில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பாஸ்போர்ட் திரும்பிற்று.

அரங்குகள் மூடிய அந்த ஆண்டுகளில் அவருக்குக் கதவு திறந்தவை எவை? கருப்பினத் தேவாலயங்கள்! ஹார்லெமில் அவருடைய அண்ணனே பாதிரியார். 1976இல் ராப்சன் மறைந்தபோது இறுதி வணக்கமும் அந்தத் தேவாலயத்தில்தான்.

என்ன இது, பகுத்தறிவு பேசும் ஏட்டிலே தேவாலயப் புராணமா என்று தோழர்கள் புருவத்தை உயர்த்துவது நமக்குத் தெரிகிறது. பொறுங்கள். வேதப் புத்தகத்தைக் காட்டித்தான் அடிமைத்தனத்தை நியாயப்படுத்தினார்கள். எசமானுக்குக் கீழ்ப்படி என்பதுதான் அடிமைக்குச் சொல்லப்பட்ட உபதேசம். அதை நாம் மறக்கவில்லை. அந்த மக்களும் மறக்கவில்லை. ஆனால் படிக்கக்கூடாது, கூட்டம் போடக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களுக்குக் கூடியழ ஓரிடம் வேண்டியிருந்தது. அழ வந்த இடத்திலே பேசினார்கள். பேசிய இடத்திலே திட்டமிட்டார்கள். அரசனிடமிருந்து ஒரு கூட்டம் தப்பியோடிய பழங்கதையைப் பாடினால், எசமான் பக்தி என்று நினைத்தான். பாடியவன் தப்பியோடுவதை நினைத்தான்! 1963 செப்டம்பர் 15இல் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமியரைக் கொன்றார்களே, கோயிலென்றா வைத்தார்கள்? பாசறை என்று அறிந்தல்லவா வைத்தார்கள்! கடவுளைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு, அது மாறாது. சங்கக் கட்டடத்தைப் பார்த்து இது கோயில் என்று நாம் ஒதுங்கினால், அது பகுத்தறிவாகாது.

பெலபாண்டேக்கே பாதிரிமார் மேல் பெரிய பற்றில்லை. கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர், பள்ளியிலே கன்னிமார் அடித்த அடி நினைவில் நின்றவர். 1956இல் மார்ட்டின் லூதர் கிங் ஹார்லெமுக்கு வந்தபோது, ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருவரும் தனியே பேச உட்கார்ந்தனர். ஒருவர் வயது 27, மற்றவர் 29. சில நிமிடம் என்று தொடங்கிய பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. இந்தப் போராட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தமக்கே தெரியாது என்ற கருத்தில் கிங் மனம் திறந்தார். அந்தத் திறந்த மனம்தான் பெலபாண்டேயை வளைத்தது. கிங் சிறைப்பட்டால் ஜாமீன் பணம் திரட்டினார். வீட்டுச் செலவைப் பார்த்தார். பிள்ளைகள் நாளை தவிக்கக்கூடாதென்று ஆயுள் காப்பீடும் எடுத்து வைத்தார். பேசும்போது கிங்குக்கு விக்கல் போல ஒரு திணறல் வருமாம். பின்னாளில் அது நின்றுபோயிற்று. எப்படி நின்றது என்று பெலபாண்டே கேட்டார். சாவோடு சமாதானம் செய்துகொண்டுவிட்டேன் என்றாராம் கிங். 1968 ஏப்ரல் 4இல் மெம்பிஸ் நகரில் குண்டு பாய்ந்தது. எடுத்து வைத்த காப்பீடு அந்தக் குடும்பத்துக்கு உதவிற்று.

பாய்ட்டியரிடம் நாம் பெரிதும் மதிப்பது பரிசையல்ல. பரிசு வரும் முன்பு அவர் மறுத்த ஒரு வேடத்தை. இரண்டாவது பெண் பிறக்கவிருந்த நேரம். மருத்துவமனைக்குக் கட்ட 75 டாலர் இல்லை. வாரம் 750 டாலர் தருகிறோம் என்று ஒரு படம் வந்தது. குற்றத்தைக் கண்ட கருப்பினத் தொழிலாளி ஒருவன். அவன் வாயை அடைக்க அவனுடைய சிறுமியைக் கொன்று வீட்டு வாசலில் போடுகிறார்கள். அவன் வாய் மூடியே இருக்கிறான். இதுதான் வேடம். முடியாதென்றார். வீட்டுச் சாமான்களை ஈடு வைத்து 75 டாலர் கடன் வாங்கினார். ஏன் மறுத்தாய் என்று கேட்டபோது, என் தந்தை அப்படிச் சும்மா இருந்திருக்க மாட்டார் என்றார். தக்காளி பயிரிட்ட அந்த ஏழை உழவர், ஹாலிவுட் வரை வந்து மகனின் தோளில் கை வைத்திருக்கிறார்!

இந்த நண்பர்களும் சண்டை போடாதவர்களல்லர். கிங் மறைந்த வேதனையில், அட்லாண்டாவில் பெரும் நினைவு நிகழ்ச்சி நடத்தலாமென்றார் பெலபாண்டே; கூடாதென்றார் பாய்ட்டியர். வார்த்தை தடித்தது, நெடுநாள் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் பெலபாண்டே ஒரு கதையைத் தூக்கிக்கொண்டு போய் நண்பரின் கதவைத் தட்டினார். விடுதலை பெற்ற அடிமைகள் மேற்கே நிலம் தேடி வண்டி கட்டிப் போகும் கதை. 1972இல் ‘பக் அண்டு தி பிரீச்சர்’ என்ற பெயரில் வெளிவந்தது. பாய்ட்டியர் இயக்கிய முதற் படம். பாய்ட்டியர் அந்த மக்களுக்கு வழிகாட்டி. பெலபாண்டே போலிப் பாதிரியார். கையிலே வேதப் புத்தகம். திறந்தால் உள்ளே குடைந்து வைத்த கைத்துப்பாக்கி!